தாங்கியில் அடித்த எண்

1962 டிசம்பர் 11

நெல் மில்லுக்குச் செய்த தண்ணீர்த் தொட்டி இன்று காலை போய்ச் சேர்ந்தது. ஒழுகவில்லை என்று மில்காரர் ஆள் அனுப்பிச் சொன்னார்.

மத்தியானம் முதலாளி ஆத்மநாதன் திருச்சியிலிருந்து திரும்பினார். வீட்டுக்குக்கூடப் போகாமல் பஸ் ஸ்டாண்டிலிருந்து நேரே பட்டறைக்கு வந்துவிட்டார். கையில் சுருட்டிய வரைபடங்கள். கட்டுமாவடிக்கு நேரே, கடலுக்குள் இரண்டு மைலில், ஒரு வடநாட்டுக் கம்பெனி எண்ணெய் இருக்கிறதா என்று துளை போட்டுப் பார்க்கப் போகிறதாம். கடலில் இரும்புக் கால்கள் நட்டு மேடை கட்டுகிறார்கள். மேடை அவர்கள் வேலை. அதில் ஆள் ஏறுகிற ஏணி, ஏணியைச் சுற்றிக் கூண்டு, மேடை ஓரமாக நடைபாதை, கைப்பிடிக் கம்பிகள், படகு வந்து அணைகிற இறங்குதளம் எல்லாம் எங்கள் வேலை.

"இம்புட்டு நாளும் கேட்டும் கிராதியும் செஞ்சோம் ஆண்டியப்பா. இது வேற. நீ இருக்கேன்னுதான் கையெழுத்துப் போட்டேன்" என்றார்.

இருபத்தொரு வருஷமாக இரும்பு பற்றவைக்கிறேன். இப்படி ஒரு வேலை கையில் வந்ததில்லை. வரைபடத்தை விரித்துப் பார்த்தேன். நடுவில் ஒரு அளவு மங்கலாக இருந்தது. மை கசிந்திருக்கிறது என்று விரலால் தேய்த்தேன். மை கசியவில்லை.

டிசம்பர் 19

கம்பெனி இன்ஜினியர் வந்தார். ரெங்கராஜ் என்று பெயர். முப்பது வயது இருக்கும், பேச்சில் சிரிப்பே இல்லை. ஒரு விதி சொன்னார்: ஒவ்வொரு ஒட்டுப் பக்கத்திலும் அதைப் பற்றவைத்தவனின் எண்ணை இரும்பில் அடிக்க வேண்டும். என் எண் 1. பிச்சைமுத்துவின் எண் 2. பட்டறையில் பற்றவைக்கிறவர்கள் நாங்கள் இரண்டு பேர்தான்.

"எதுக்குங்க இது?" என்று பிச்சைமுத்து கேட்டான்.

"நாளைக்கு ஏதாவது விட்டுப்போனா யாருன்னு தெரியணும்ல" என்றார்.

பிச்சைமுத்துவுக்கு அது பிடித்துப்போயிற்று. கோயில் கல்லில் பேர் வெட்டுகிற மாதிரி என்று சாயங்காலம் வரை சொல்லிக்கொண்டிருந்தான். ஆறு வருஷமாக என்னோடு இருக்கிறான். கை சுத்தம், வாய் ஓயாது.

டிசம்பர் 27

ஏமாற்றிக்கொள்வதில் அர்த்தமில்லை. எழுதிவிடுகிறேன்.

எதையும் நேராகப் பார்த்தால் நடுவில் சாம்பல் நிறத்தில் ஒரு வட்டம். ஓட்டைக்காலணா அளவு. அதைச் சுற்றி எல்லாம் தெரிகிறது. பார்வையைக் கொஞ்சம் தள்ளி வைத்தால் பார்க்க வேண்டியது ஓரத்தில் தெரியும், ஆனால் கூர்மை இல்லை. எத்தனை நாளாக? ஆடி மாசமே ஆரம்பித்ததோ?

முகமூடிக் கண்ணாடி வழியாகப் பார்க்கும்போது இரும்பு உருகி நிற்கிற அந்தச் சின்னக் குளம் சரியாக வட்டத்துக்குள் போய்விடுகிறது.

1963 ஜனவரி 6

சாப்பிடும்போது ராசாத்தி கேட்டாள்: "ஏன் கோழி மாதிரி தலையச் சாச்சுச் சாச்சுப் பாக்குறீங்க?"

கழுத்துப் பிடிப்பு என்றேன். எண்ணெய் காய்ச்சித் தடவினாள். ஒரு மணி நேரம் தடவினாள்.

ஜனவரி 17

பொங்கல் முடிந்து, உறவுக்காரர் வீட்டுக்கு என்று சொல்லிவிட்டுத் தஞ்சாவூர் போனேன். கண் டாக்டர் இருட்டறையில் உட்காரவைத்து வெளிச்சம் அடித்து வெகுநேரம் பார்த்தார். கண்ணுக்குள்ளே பின்பக்கம் வெந்திருக்கிறது என்றார். இத்தனை வருஷ வெளிச்சம். முகமூடி இல்லாமல் ஒரு நொடி, இரண்டு நொடி என்று பார்த்ததெல்லாம் சேர்ந்து.

"கண்ணாடி போட்டாச் சரியாகுமாங்க?"

"ஆகாது. ஆபரேஷனும் கிடையாது. இந்தத் தொழிலை விட்டுடுங்க. மிச்சமாவது நிக்கும்."

திரும்பி வரும்போது பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து வயல்களைப் பார்த்துக்கொண்டு வந்தேன். வயல் நன்றாகத் தெரிகிறது. மாடு தெரிகிறது. மாட்டை நேராகப் பார்த்தால் மாடு இல்லை.

இந்த ஒரு வேலை முடியட்டும். கடலில் என் கையால் செய்தது நிற்கட்டும். பிறகு விட்டுவிடலாம்.

பிப்ரவரி 3

காது இருக்கிறது. சரியாகப் பற்றினால் அப்பளம் பொரிகிற சத்தம் ஒரே சீராக வரும். பற்றவைக்கிற ராடு விலகினால் சூடான எண்ணெயில் தண்ணீர் பட்ட மாதிரி வெடிக்கும். அதைக் கேட்டே கையை ஓட்டுகிறேன். ஆறின பிறகு கசடைத் தட்டிவிட்டு விரலால் தடவிப் பார்த்துக்கொள்கிறேன். வெளிப்பக்கம் எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது.

நேற்று ரெங்கராஜ் வந்து பத்துப் பன்னிரண்டு ஒட்டுகளைச் சுத்தியால் தட்டிப் பார்த்தார். என்னுடையதில் ஒன்றைக்கூடத் தள்ளவில்லை.

பிப்ரவரி 18

பிச்சைமுத்து ஒரு கம்பியைக் காட்டி, "அண்ணே, இங்கிட்டு லேசா வெலகிருக்கு பாருங்க" என்றான். மெதுவாகத்தான் சொன்னான்.

"ஒன் வேலையப் பாருடா. எனக்குக் கத்துக்குடுக்க வந்துட்டியா?"

பட்டறை முழுக்கத் திரும்பிப் பார்த்தது. அவன் முகம் எப்படிப் போயிற்று என்று எனக்குத் தெரியவில்லை. அந்த இடத்தில்தான் வட்டம் இருந்தது. சாயங்காலம் நானே அதை மறுபடி பற்றவைத்தேன். இனிமேல் அவன் என் வேலையைப் பார்க்க மாட்டான்.

மார்ச் 2

நாளை காலை லாரி வருகிறது. மீதி நான்கு தாங்கிகள். இறங்குதளத்தைத் தூணோடு பிடித்து நிறுத்துகிற தாங்கிகள். இரண்டு அவனுக்கு, இரண்டு எனக்கு. உள்பக்க ஒட்டு கடினமானது. மல்லாந்து படுத்துக்கொண்டு மேலே பார்த்துப் பற்றவைக்க வேண்டும். நெருப்புப் பொறி கழுத்தில் விழுந்துகொண்டே இருந்தது. சத்தம் சீராக வந்ததா? வந்தது என்றுதான் நினைக்கிறேன். உள்பக்கம் விரல் போகவில்லை.

எண் அடிக்கிற உளியைப் பெட்டியில் துழாவி எடுத்து அடித்தேன். அடித்த பிறகு தடவிப் பார்த்தால் வளைவும் வாலுமாக இருந்தது. 2. உளி மாறிப்போயிற்று.

அதைத் தேய்த்து எடுத்துவிட்டு 1 அடித்திருக்க வேண்டும். களைப்பு. காலையில் பார்த்துக்கொள்ளலாம்.

மார்ச் 3

நான் போவதற்குள் செந்நிறப் பெயிண்ட் அடித்தாகிவிட்டது. எண் கிடக்கட்டும், ஒரு தாங்கியில்தானே என்று விட்டுவிட்டேன்.

மார்ச் 5

இரண்டு நாள் சாமான் ஏற்றிய பிறகு லாரியோடு கட்டுமாவடி வரை போனோம். இரண்டு பெரிய வள்ளங்களைச் சேர்த்துக் கட்டி, மேலே பலகை போட்டு, ஏணியையும் இறங்குதளத்தையும் ஏற்றினார்கள். எல்லாவற்றையும் நின்று நடத்தியவர் வீரய்யா. அந்த ஊர்க்காரர், கம்பெனிப் படகுக்குப் பொறுப்பாக வைத்திருக்கிறார்கள். முப்பத்தைந்து வயது இருக்கலாம். இடுப்பில் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு, தண்ணீரில் நெஞ்சளவு நின்று சத்தம் போட்டுக்கொண்டிருந்தார்.

"எவன்யா இதச் செஞ்சது? இம்புட்டுக் கனம்! ஏத்துனா வள்ளமே அழுவுது" என்றார். பிச்சைமுத்து பெருமையாக என்னைக் காட்டினான். வீரய்யா கும்பிட்டார். அவர் சம்சாரம் முனியாயி எங்கள் எல்லோருக்கும் மீன் குழம்பும் சோறும் கொண்டுவந்து கொடுத்தாள்.

ஏப்ரல் 14

வருஷப் பிறப்பு. முதலாளி எங்களை மேடைக்குக் கூட்டிப்போனார். பச்சைத் தண்ணீரில் கால் ஊன்றி நிற்கிறது. படகிலிருந்து இறங்குதளத்தில் கால் வைத்தேன், ஏணி ஏறினேன், நடைபாதையில் சுற்றி வந்தேன். காற்று வேட்டியைப் பிடுங்கியது. கைப்பிடியை விடவில்லை. நான் செய்த கைப்பிடி.

வீரய்யா இறங்குதளத்தின் மேல் இரண்டு தடவை குதித்துக் காட்டினார். "யானை கட்டலாங்க."

இன்று சந்தோஷமாக இருந்தேன். அதை எழுதாமல் விடக் கூடாது.

மே 22

வட்டம் பெரிதாகியிருக்கிறது. வலி இல்லை. வலித்தாலாவது பரவாயில்லை.

ஜூலை 9

காலை பதினொரு மணிக்குத் தந்தி. இறங்குதளம் விழுந்துவிட்டது. ஓர் ஆள் செத்துப்போனார்.

ஜூலை 10

வீரய்யா.

காலையில் படகை அணைத்துவிட்டு வழக்கம்போல முதலில் அவர் இறங்குதளத்தில் ஏறியிருக்கிறார். கயிற்றைக் கட்டக் குனிந்தபோது ஒரு பக்கம் பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டது. அவர் தண்ணீரில் விழ, அவர் மேல் இரும்பு விழுந்தது. அங்கே ஆழம் பத்தடிதான். நீச்சல் தெரிந்தவர். இரும்புக்கு அடியில் நீச்சல் என்ன செய்யும்?

பிடுங்கிய தாங்கியைக் கரைக்குக் கொண்டுவந்து மணலில் போட்டிருந்தார்கள். ரெங்கராஜ் எங்களை அழைத்து உள்பக்கத்தைக் காட்டினார். பற்றவைத்த இரும்பு தகட்டைப் பிடிக்கவே இல்லை. ஓர் அங்குலம் விலகித் தனியே ஓடியிருந்தது, ஓடையை விட்டுத் தள்ளிப் போட்ட பாலம் மாதிரி. வெளிப்பக்கத் தோல்தான் நான்கு மாதம் தாங்கியிருக்கிறது.

தண்ணீரை ஊற்றி, பெயிண்டைச் சுரண்டினார். எண் 2.

பிச்சைமுத்து மணலில் உட்கார்ந்துவிட்டான். "என்னோடதா? என்னோடதா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தான். யாரும் பதில் சொல்லவில்லை. நானும்.

என்னோடது. மல்லாக்கப் படுத்துக்கிட்டுப் போட்டேனே, கழுத்துல பொறி விழுந்துச்சே, அது என்னோடது. பார்த்ததும் தெரிஞ்சுபோச்சு. வாயத் தொறந்தேன். வாய் தொறந்தபடியே இருந்துச்சு.

ஜூலை 12

கட்டுமாவடிப் பள்ளிக்கூடத்தில் விசாரணை. கம்பெனிக்காரர்கள் மூன்று பேர், ஒரு போலீஸ் ஏட்டு.

பிச்சைமுத்துவைக் கேட்டார்கள். "இது உன் நம்பர்தானே?"

"ஆமாங்க."

"நீ பத்த வச்சதுதானா? ஞாபகம் இருக்கா?"

"எண்ணூறு ஒட்டு போட்டோமுங்க. ஒண்ணு ஒண்ணா எப்புடி ஞாபகம் இருக்கும்? நம்பர் என்னோடதுன்னா நாந்தாங்க போட்டிருப்பேன்."

என்னைக் கேட்டார்கள். தலைமை ஆள் நீர், இவனைப் பற்றி என்ன சொல்கிறீர்?

"நல்ல வேலைக்காரன்" என்றேன்.

அவ்வளவுதான். இரண்டே வார்த்தை. அதை எழுதிக்கொண்டார்கள். பிச்சைமுத்து என்னை நன்றியோடு பார்த்தான் என்று முதலாளி பிறகு சொன்னார்.

ஜூலை 16

கம்பெனிக் கடிதம். பிச்சைமுத்துவின் கவனக்குறைவால் நேர்ந்த மரணம். அவனைத் தங்கள் வேலை எதிலும் வைக்கக் கூடாது. பிடுங்கிய இறங்குதளத்துக்குப் பதில் வேறொன்று தேவை. அதை ஆண்டியப்பனே முழுவதும் செய்ய வேண்டும் என்று என் பெயரைப் போட்டிருக்கிறார்கள்.

ஜூலை 22

முதலாளி அவனைக் கைவிடவில்லை. கேட் வேலை கொடுத்தார். பிச்சைமுத்து முகமூடியை மாட்டினான், ராடைப் பிடித்தான். கீழே வைத்தான். மறுபடி எடுத்தான். வைத்தான். "முடியல மொதலாளி" என்று சொல்லிவிட்டு இரும்பு அடுக்கப் போய்விட்டான்.

இவ்வளவும் எனக்கு ஓரத்தில் தெரிந்தது.

ஆகஸ்ட் 1

சொல்லிவிடலாம் என்று போனேன். அவன் வீட்டுத் தெருமுனை வரை. அங்கிருந்து திரும்பிவிட்டேன். என்ன நினைத்தேன்? சொன்னால் வீரய்யா எழுந்து வரப்போகிறாரா என்று நினைத்தேன். முதலாளிக்குக் கெட்ட பெயர் என்று நினைத்தேன். எல்லாம் பொய். என்னைக் குருடன் என்று சொல்வார்களே, அதுதான்.

ஆகஸ்ட் 19

பிச்சைமுத்துவின் சம்சாரம் அடைக்கலமேரி வந்தாள். ஐந்து மாசக் கர்ப்பம்.

"சோறு எறங்க மாட்டேங்குது அவருக்கு. ஞாயித்துக்கெழம தவறாம கட்டுமாவடிக்குப் போறாரு. கோயிலுக்குக்கூட வாரதில்ல. செத்தவரு சம்சாரம், அந்தம்மா வீட்டுக் கூரை பிரிஞ்சு கெடக்குன்னு கீத்து வாங்கிட்டுப் போயி பாதி வேஞ்சாரு. அந்தம்மா வந்து பாத்துட்டு மண்ண அள்ளித் தூத்தி வெரட்டிருச்சு. தெருவுலயே உக்காந்துட்டு வாராரு. மறு வாரமும் போறாரு. நீங்க சொன்னாக் கேப்பாரு அண்ணே. ஒரு வார்த்த சொல்லுங்க."

சொல்கிறேன் என்றேன். என் வாயால் சொன்னேன், சொல்கிறேன் என்று.

ஆகஸ்ட் 25

ராசாத்தியிடம் சொல்லிவிட்டேன்.

மத்தியானம் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். கண், தஞ்சாவூர், உளி, தாங்கி, விசாரணை, ஒன்றுவிடாமல். அவள் முறத்தைக் கீழே வைக்கவில்லை. நான் முடித்த பிறகும் கொஞ்ச நேரம் புடைத்துக்கொண்டே இருந்தாள்.

பிறகு கேட்டாள்: "அங்கிட்டு இன்னமும் ஆளுக ஏறி எறங்குறாகளா?"

"ஆமா. கயித்தேணி போட்டு நடைபாதைக்குப் போறாங்க."

"அந்த நடைபாதையில ஒங்க கை எம்புட்டு?"

"பாதி."

முறம் நின்றது. இதை நான் ஒரு நாளும் யோசிக்கவில்லை. சத்தியமாக யோசிக்கவில்லை. செத்தவரையும் என்னையுமே நினைத்துக்கொண்டிருந்தேன். உயிரோடு அதன் மேல் நடக்கிறவர்களை நினைக்கவே இல்லை.

"நாளைக்கு நீங்க போறீங்களா, நான் போகட்டுமா?" என்றாள்.

ஆகஸ்ட் 26

பிச்சைமுத்துவை இரும்பு அடுக்குகிற இடத்தில் பிடித்தேன். சொன்னேன். அந்தத் தாங்கி நான் போட்டது, உளி மாறிவிட்டது, எனக்குக் கண் தெரியவில்லை.

அவன் என் கையைப் பிடித்துக்கொண்டான். "அண்ணே, வேணாம். மேரி வந்து அழுதுச்சாக்கும். எனக்காக நீங்க பழிய ஏத்துக்கிட்டா மட்டும் எனக்குத் தூக்கம் வந்துருமா? நான் போட்டது நான்தான் சொமக்கணும்."

நம்பவில்லை. திரும்பத் திரும்பச் சொன்னேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தான். "ஒங்க மனசு யாருக்கு வரும்" என்கிறான்.

முதலாளியிடம் போனேன். அவரும் அதையேதான் சொன்னார். இவ்வளவு நாள் கண் தெரியாமலா வேலை செய்தாய் என்று கோபித்துக்கொண்டார்.

இத்தனை நாள் மறைத்ததை நன்றாகவே மறைத்திருக்கிறேன்.

ஆகஸ்ட் 28

இன்று காலை எல்லோரையும் கூப்பிட்டேன். இரண்டு தகடுகளை எடுத்து ஒட்ட வைத்து, நடுக்கோட்டில் சுண்ணாம்பால் கோடு போடச் சொன்னேன், முதலாளியையே. "என் காதுல துணிய அடைங்க" என்றேன். பிச்சைமுத்துவே அடைத்தான், விளையாட்டு என்று நினைத்திருப்பான். முகமூடியை மாட்டிக்கொண்டு ஒரு சாண் நீளம் பற்றவைத்தேன். தலையைச் சாய்க்கவில்லை. எந்தத் தந்திரமும் செய்யவில்லை.

முகமூடியைக் கழற்றினேன். நான் தொட்டுப் பார்த்தேன். பாதிக்கு மேல் கோட்டை விட்டு விலகி, ஒற்றைத் தகட்டின் மேல் ஓடியிருந்தது. மணலில் பார்த்தோமே, அதே மாதிரி.

முதலாளி உட்கார இடம் தேடினார். பட்டறையில் மற்ற வேலை எல்லாம் நின்றுபோயிற்று.

பிச்சைமுத்து அந்தத் தகட்டைக் கையில் எடுத்தான். இன்னும் சூடு. கை சுட்டிருக்கும். விடவில்லை.

"அன்னைக்கு வெலகிருக்குன்னு சொன்னேனே" என்றான்.

"ஆமா."

"மணல்ல வச்சு நம்பரப் பாத்தப்பவே ஒங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

தகட்டை மெதுவாகத் தரையில் வைத்துவிட்டு வெளியே போனான். முதலாளி ரெங்கராஜுக்குத் தந்தி கொடுக்க ஓடினார்: யாரையும் நடைபாதையில் ஏற்றாதே.

செப்டம்பர் 2

மேடைக்குப் போனோம். ரெங்கராஜ், முதலாளி, பிச்சைமுத்து, நான். எண்ணை நம்பிப் பயனில்லை. இன்னும் எத்தனை மாற்றி அடித்தேனோ. அதனால் நடைபாதையைத் தாங்குகிற ஒட்டுகளை ஒவ்வொன்றாகத் தடவி, எது என் கை, எது அவன் கை என்று நான் சொல்ல வேண்டும் என்றார்கள். நான் ராடை வலமிருந்து இடமாக ஓட்டுவேன். அவன் இடமிருந்து வலம். அலை படிந்த மாதிரி இரும்பில் தெரியும். விரலுக்கும் தெரியும்.

இடுப்பில் கயிற்றைக் கட்டி இறக்கினார்கள். காலை ஏழிலிருந்து மூன்று மணி வரை. என்னுடையது என்று நான் சொன்ன ஒவ்வொன்றிலும் ரெங்கராஜ் வெள்ளைப் பெயிண்டால் குறி வைத்தார். நாற்பத்தொன்று. தட்டியும் வெட்டியும் பார்த்ததில் ஆறு பிடிக்கவில்லை. அதில் ஒன்று போன வாரம் வரை எட்டுப் பேர் கூட்டமாக நின்று சாப்பிட்ட இடத்துக்கு அடியில்.

பிச்சைமுத்து நாளை முதல் அவற்றை மறுபடி பற்றவைப்பான். முதல் ஒன்றை இன்றே போட்டான். ராடைக் கீழே வைக்கவில்லை. சத்தம் சீராக வந்தது.

படகில் திரும்பும்போது என் எதிரே உட்கார்ந்திருந்தான். கரை வரும்போதுதான் பேசினான்.

"கண்ணு தெரியாமச் செஞ்சத நான் கேக்கல. ஏழு வாரம். ஏழு வாரம் நான் கொலகாரன்னு நெனச்சுக்கிட்டு இருந்தேன். தெனம் எதுக்கவே நின்னீங்களே."

படகு மணலில் தட்டியதும் முதல் ஆளாக இறங்கிப் போனான்.

செப்டம்பர் 3

முனியாயி வீட்டுக்குப் போனேன். கூரையில் பாதிக்குப் புதுக் கீற்று, பாதி அப்படியே. அவள் வலை பின்னிக்கொண்டிருந்தாள். இரண்டு பிள்ளைகள் வாசலில்.

நின்றபடியே சொன்னேன். எதிர்பார்த்தது வேறு. மண் வாரித் தூற்றுவாள் என்று எதிர்பார்த்தேன். அதற்காகத்தான் போனேனோ என்னவோ. அவள் வலையைப் பார்த்தபடியே இருந்தாள்.

"அந்தப் புள்ளையவா வெரட்டுனேன்" என்றாள். "ஒவ்வொரு ஞாயித்துக்கெழமயும் அந்தா அந்த எடத்துல வெயில்ல உக்காந்திருக்கும். ஒரு செம்புத் தண்ணி குடுக்கலயே. ஒன் சம்சாரம் வெளங்காதுன்னு சொன்னேனே, வயித்துப் புள்ளைக்காரின்னு தெரிஞ்சே சொன்னேனே."

பிறகு தலையைத் தூக்கினாள். "நீ அப்ப எங்கய்யா இருந்த?"

பட்டறையில் என்றேன்.

"போ" என்றாள்.

அக்டோபர் 21

கம்பெனியிலிருந்து பதில். குறைபாடுள்ள ஒட்டுகள் சரிசெய்யப்பட்டன. ஜூலை மாத விசாரணை முடிந்த ஒன்று, அறிக்கையைத் திருத்துவதற்கில்லை. ரெங்கராஜ் தனியாக முதலாளிக்கு எழுதியிருக்கிறார், தன்னால் ஆனதைச் செய்து பார்த்ததாக. அவரையும் வடக்கே மாற்றிவிட்டார்களாம்.

ஆக, காகிதத்தில் வீரய்யாவைக் கொன்றது இன்னும் பிச்சைமுத்துதான்.

போலீஸ் ஸ்டேஷனில் நானே எழுதிக் கொடுத்தேன். ஏட்டு வாங்கி வைத்துக்கொண்டார். "கூப்பிட்டனுப்புவோம்" என்றார். மூன்று தடவை நானே போய்விட்டேன். நான்காவது தடவை, "பெரியவரே, வீட்டுக்குப் போங்க" என்றார். எனக்கு நாற்பத்துநான்கு வயது.

நவம்பர் 9

முதலாளி பட்டறை வாசலில் உட்கார்ந்து வருகிறவர் போகிறவரைப் பார்த்துக்கொள் என்றார். பார்த்துக்கொள்! வேண்டாம் என்றேன். பிச்சைமுத்துதான் இப்போது தலைமை ஆள். நான் உள்ளே வந்தால் அவன் ராடைக் கீழே வைத்துவிட்டு வெளியே போய்விடுகிறான். கோபமாகக்கூட இல்லை. தண்ணீர் குடிக்கப் போகிற மாதிரி போகிறான். அவன் வேலையைக் கெடுக்க எனக்கு என்ன உரிமை?

ராசாத்தி நான்கு வீட்டுக்கு மாவு அரைத்துக் கொடுக்கிறாள். நான் குழவி சுற்றுகிறேன். அதற்குக் கண் தேவையில்லை.

டிசம்பர் 24

அடைக்கலமேரிக்கு ஆண் குழந்தை. நல்லபடியாக. முனியாயி கட்டுமாவடியிலிருந்து கருவாடு கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் பிள்ளையைத் தூக்கி வைத்திருந்தாளாம். ராசாத்தி போய்ப் பார்த்துவிட்டு வந்து சொன்னாள். என்னைப் பற்றி யாரும் கேட்கவில்லை என்பதைச் சொல்லாமல் விட்டாள்.

1964 பிப்ரவரி 16

பிச்சைமுத்து நெய்வேலிக்கு விண்ணப்பித்து, வேலை வாங்கிவிட்டானாம். முந்தி ஓர் இடத்தில் கம்பெனி அறிக்கை குறுக்கே நின்றதாகக் கேள்வி. நெய்வேலியில் அதைக் கேட்கவில்லை போலிருக்கிறது. குடும்பத்தோடு போகிறான். எப்போது என்று தெரியவில்லை.

பிப்ரவரி 20

குடுமியான்மலையில் ராசாத்தியின் தங்கை வீட்டில் காதுகுத்து. காலையில் பஸ் ஸ்டாண்டுக்குப் போனோம். கூட்டம். ராசாத்தி என்னைத் தூண் ஓரம் நிற்க வைத்துவிட்டு, பஸ் எது என்று விசாரிக்கப் போனாள்.

எதிரே யாரோ நின்றிருந்த மாதிரி இருந்தது. சட்டை தெரிந்தது, கீழே தகரப் பெட்டி தெரிந்தது. பஸ்ஸுக்கு நிற்கிற யாரோ என்று நினைத்தேன். மரியாதைக்காக அந்தப் பக்கமே முகத்தை வைத்துக்கொண்டு நின்றேன். கொஞ்ச நேரத்தில் ஒரு பஸ் கிளம்பியது. பெட்டி அங்கே இல்லை.

ராசாத்தி வந்தவள் போகிற பஸ் பக்கமே திரும்பி நின்றாள். என்னவென்று கேட்டேன்.

"பிச்சமுத்துத் தம்பி இப்பத்தான் கெளம்புது. மேரியும் புள்ளையும் முன்னாலயே ஏறிட்டாக. அது மட்டும் ஒங்களுக்கு எதுக்கவே நின்னுச்சு."

"எம்புட்டு நேரம்?"

"கண்டக்டர் விசில் ஊதுற வரைக்கும். நீங்க பாத்துக்கிட்டே நின்னீங்க. நீங்க எதாச்சும் சொல்லுவீகன்னு நின்னுச்சோ என்னமோ."

பாத்துக்கிட்டே நின்னேனாம். ஆமா. நேராகத்தான் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறேன்.